பசுமைக் கட்டட ஆலோசகரிடம் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், மின்சாரச் செலவைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லும் ஆலோசனை நிறுவனங்களைப் பற்றித் தேடினால் அவர்களே எழுதிய விளம்பரம்தான் வருகிறது. பணம் கொடுத்தவர்கள் எழுதியது எதுவும் என் கண்ணில் படவில்லை, சரி நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூரில் அவிநாசி சாலையிலிருந்து சற்று உள்ளே எங்கள் குடும்ப நிறுவனம் கட்டிய அலுவலகக் கட்டடம் இது. தரைத்தளம், மேலே நான்கு மாடி, மொத்தம் சுமார் 42,000 சதுர அடி. ஒரு மாடியில் நாங்கள் இருக்கிறோம், மற்றவை வாடகைக்கு. உரிமையாளர் தரப்பில் வேலையைப் பார்த்துக்கொண்டது நான்தான், பில்லில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஆலோசனை நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. கடைசித் தவணை இன்னும் பாக்கி இருக்கிறது, அதோடு நான் பார்த்த குறைகள் இவர்களுக்கு மட்டுமே உரியவை இல்லை என்று இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரே விலைப்புள்ளியில் மூன்று வேலைகளைச் சேர்த்து விற்கிறார்கள். ஒன்று, சான்றிதழுக்கான காகித வேலை. இரண்டு, கட்டும்போது ஆர்க்கிடெக்ட், ஏசி கான்ட்ராக்டர், எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர், பிளம்பர் எல்லோரையும் எரிசக்தி விஷயத்தில் ஒரு கோட்டில் வைத்திருக்கும் திட்ட மேலாண்மை. மூன்று, கமிஷனிங், அதாவது மாட்டிய ஏசி, விசிறி, பம்ப், விளக்கு, சென்சார், மீட்டர் ஒவ்வொன்றையும் ஓட்டி, அளந்து, வடிவமைப்பில் எழுதியிருப்பதுபோல் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாததைச் சரிசெய்ய வைப்பது. என் மதிப்பெண் ஐந்துக்கு முறையே 2.5, 3, 4.5. இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாக வாங்க வேண்டியதில்லை, வாங்கவும் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது, மீதியெல்லாம் அதற்கான விவரம்.

மூன்று நிறுவனங்களை அழைத்துப் பேசினோம். மூவருடைய பிரசன்டேஷனிலும் முதல் ஸ்லைடு ஒன்றேதான்: ஹைதராபாத்தில் இருக்கும் சிஐஐ சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், 2003-ல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக லீட் என்ற அமெரிக்கப் பசுமைச் சான்றிதழின் உச்சப் படியான பிளாட்டினம் வாங்கிய கட்டடம். அடுத்த ஸ்லைடு, 2001-ல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின், அதாவது ஐஜிபிசி-யின் லோகோ. அதற்கடுத்தது, டெல்லி எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியும் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த கிருஹா என்ற நம் நாட்டுச் சான்றிதழ். பிறகு எந்தச் சான்றிதழுக்கு எத்தனை புள்ளி என்ற அட்டவணை. ஹைதராபாத் கட்டடம் நல்ல கட்டடம்தான், மறுக்கவில்லை, ஆனால் இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு வியாபாரம் செய்வார்கள் என்று தோன்றியது. உங்கள் பழைய கட்டடம் ஒன்றின் ஒரு வருட ஈபி பில்லைக் காட்டுங்கள் என்று மூவரிடமும் கேட்டேன். ஒருவர் மட்டும் காட்டினார், அவரைத்தான் எடுத்தோம்.

எங்களுக்கு இது விருப்பத்தின் பேரில் மட்டும் செய்யும் விஷயமும் இல்லை. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பிரிவு, பிஇஇ என்கிறார்களே அவர்கள், 2007-ல் முதலில் கொண்டுவந்து 2017-ல் திருத்திய ஈசிபிசி, அதாவது கட்டடங்களின் எரிசக்திச் சிக்கனத்துக்கான விதித்தொகுப்பு, 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையோ அதற்கு மேலோ உள்ள வணிகக் கட்டடங்களுக்கானது. நாங்கள் அதைத் தாண்டிவிட்டோம். வங்கியிலும், வாடகைக்கு வரும் ஐடி நிறுவனங்களிலும் "கிரீன் சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்கிறார்கள் என்பதும் ஒரு காரணம், மறைப்பதற்கில்லை.

கட்டணம் மூன்றுக்கும் சேர்த்துச் சதுர அடிக்கு முப்பது ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, பதிவுக் கட்டணம் தனி. இதில் கமிஷனிங்குக்கு மூன்றில் ஒரு பங்கு. "கான்ட்ராக்டரே டெஸ்ட் பண்ணித்தான குடுப்பாரு, அதுக்கு எதுக்குத் தனியா ஒருத்தரு?" என்று என் சித்தப்பா கேட்டார், நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2009-ல் 643 கட்டடங்களின் கமிஷனிங் கணக்கைத் தொகுத்துப் போட்ட அறிக்கையை எடுத்துக் காட்டினேன். பழைய கட்டடங்களில் சேமிப்பின் நடுமதிப்பு 16 சதவீதம், புதியவற்றில் 13 சதவீதம், புதிய கட்டடத்தில் போட்ட பணம் திரும்ப நான்கு வருடத்துக்குச் சற்று மேல், பழைய கட்டடத்தில் ஒரு வருடத்துக்குச் சற்று மேல். அமெரிக்கக் கூலி, அமெரிக்க மின்கட்டணம், அப்படியே நமக்குப் பொருந்தாது என்பது தெரியும். ஆனாலும் சித்தப்பா ஒப்புக்கொண்டார். பின்னால் நடந்ததைப் பார்த்த பிறகு அறிக்கையே தேவைப்பட்டிருக்காது.

சான்றிதழ் வேலையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகமில்லை. எல்லாம் மின்னஞ்சலில் நடந்தது. பெயிண்ட் டப்பாவின் லேபிள் படம் அனுப்புங்கள், ஃப்ளை ஆஷ் செங்கல் வந்த லாரி ரசீது அனுப்புங்கள், சைக்கிள் நிறுத்தும் இடத்தின் வரைபடம் அனுப்புங்கள் என்று வாரம் ஒரு பட்டியல் வரும். நம் ஆள் ஒருவர் அதற்கென்றே உட்கார வேண்டியிருந்தது, ஆலோசகர் செய்தது அதைத் தொகுத்துப் பதிவேற்றியது. மழைநீர் சேகரிப்புக்குப் புள்ளி வாங்கித் தருகிறோம் என்று பெருமையாகச் சொன்னார்கள், தமிழ்நாட்டில் அது 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், அதை நீங்கள் எங்களுக்கு வாங்கித் தர வேண்டியதில்லை என்றேன்.

எரிச்சல் வந்தது சிமுலேஷன் அறிக்கையில். கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் கட்டி, வருடத்தின் ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு ஏசி தேவைப்படும் என்று கணக்குப் போடும் வேலை. நல்ல வேலை, ஒழுங்காகச் செய்தால். வந்த அறிக்கையில் குளிர்கால ஹீட்டிங் சுமை என்று ஒரு பக்கம் இருந்தது. கோயம்புத்தூரில்! வடக்கில் எங்கோ முடித்த ஒரு கட்டடத்தின் அறிக்கையை எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது. அதே அறிக்கையில் வடக்குப் பக்கச் சன்னல்களுக்கு நிழல் தேவையில்லை என்றும் எழுதியிருந்தது. டெல்லியில் அது ஓரளவு சரி. நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும் வரை உச்சி வேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஈசிபிசி-யே இதைக் கவனித்து எழுதியிருக்கிறது: 15 டிகிரிக்குத் தெற்கே இருக்கும் ஊர்களில் வடக்குச் சன்னல் கண்ணாடிக்கும் மற்றத் திசைகளைப் போலவே கடுமையான வெப்ப வரம்புதான், அதற்கு வடக்கே மட்டும்தான் சலுகை. விதிப் புத்தகத்தில் இருப்பது ஆலோசகரின் அறிக்கையில் இல்லை. திருப்பி அனுப்பி மறுபடி செய்ய வைத்தோம், அதற்கு ஒரு மாதம் போல இழுத்தது. ஒரு விமர்சனத்தில் இதைவிடக் காட்டமாக எழுதலாம், விட்டுவிடுகிறேன்.

திட்ட மேலாண்மைப் பகுதி கலவையானது. நல்லதைச் சொல்ல வேண்டுமென்றால் ஆரம்பத்தில் நடந்த ஒரு கூட்டம். உரிமையாளருக்கு என்ன வேண்டும் என்று ஓர் ஆவணம் எழுத வைத்தார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் எத்தனை பேர் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை எந்த மாடி ஓடும், ஏசி பழுதானால் யார் பார்ப்பார், அவருக்கு எந்த அளவு படிப்பு, எல்லாம் கேட்டார்கள். இந்தக் கேள்விகளை ஆர்க்கிடெக்ட் எங்களிடம் கேட்டதே இல்லை. சனிக்கிழமை ஒரே ஒரு மாடி மட்டும் வேலை செய்யும் என்று நான் சொன்ன ஒரு வாக்கியத்தால், ஒரு பெரிய ஏசி அமைப்பாக இருந்தது மாடிக்கு ஒன்றாகப் பிரிந்த விஆர்எஃப் ஆனது, அதாவது வெளி யூனிட் ஒன்றோடு பல உள் யூனிட்டுகள் சேர்ந்து, தேவைக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்து ஓடும் ஏசி. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்க வேண்டும் என்று நின்ற ஆர்க்கிடெக்டோடு எங்கள் சார்பில் சண்டை போட்டதும் இவர்கள்தான். கடைசியில் படிக்கட்டையும் கழிப்பறைகளையும் மேற்கே தள்ளி, அலுவலக இடத்தை வடக்கு தெற்காகத் திருப்பினார்கள். மூன்றரை மணி வெயில் இப்போது படிக்கட்டுச் சுவரில்தான் அடிக்கிறது.

கெட்டது என்னவென்றால், கட்டட வேலை வேகம் பிடித்ததும் ஆளைக் காணோம். விலைப்புள்ளி பேச வந்தவர் ஒருவர், கூட்டத்துக்கு வந்தவர் வேறொருவர், சைட்டுக்கு வந்தவர் படிப்பு முடித்துச் சில மாதமே ஆன ஒரு தம்பி. அவருக்குப் பதில் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் நாங்கள் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. கான்ட்ராக்டர் ஏசி குழாய்க்குப் போடும் இன்சுலேஷனின் தடிமனைக் குறைத்து வாங்கிவிட்டார், அதைக் கண்டுபிடித்தது ஆலோசகர் இல்லை, எங்கள் ஸ்டோர் கீப்பர் அண்ணன், பில்லையும், எந்தப் பொருள் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கும் பட்டியலான பிஓக்யூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து.

இனி கமிஷனிங்.

இதற்கு வந்த பொறியாளர் வேறு ரகம். நாற்பத்தைந்து வயது இருக்கும், திருச்சிக்காரர், பாய்லர் ஆலையில் இருந்து வந்தவர் என்று சொன்னார். வந்த முதல் நாளே லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ஏணி கேட்டார். பையில் காற்றின் வேகம் பார்க்கும் அனிமோமீட்டர், வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர், வெப்பநிலை பார்க்கும் துப்பாக்கி, டிஷ்யூ பேப்பர், ஒரு கட்டு ஊதுவத்தி. ஊதுவத்தி எதற்கு என்று கேட்டால், கதவிடுக்கில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான், அதற்குத் தனியாகப் புகைப் பென்சில் விற்கிறார்கள், விலை அதிகம், இதுவே போதும் என்றார். கழிப்பறைக் கதவு ஒவ்வொன்றின் அடியிலும் ஊதுவத்தியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். புகை உள்ளே போக வேண்டும், மூன்றாம் மாடியில் மட்டும் வெளியே வந்தது. எக்ஸாஸ்ட் டக்டில், தீப்பிடித்தால் மூடிக்கொள்வதற்காக இருக்கும் ஃபயர் டேம்பர் என்ற கதவை மாட்டும்போது மூடி வைத்தவர்கள் திறக்காமலேயே சீலிங்கை அடைத்துவிட்டார்கள். அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் வெளிக்காற்று யூனிட். ஏசி போட்ட அலுவலகத்தில் அடைத்த காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட முடியாது, மாடியில் இருந்து ஒரு விசிறி வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே அனுப்ப வேண்டும். வடிவமைப்பு நிமிடத்துக்கு 3,200 கன அடி. இவர் ஒவ்வொரு கிரில்லிலும் ஹூடைப் பிடித்து அளந்து கூட்டிப் பார்த்தால் 1,400-ஐக்கூட எட்டவில்லை. ஏசி கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கிரில்லில் கையை வைத்துக் காட்டி, "காத்து நல்லாத்தான வருதுங்க, அப்புறம் என்னங்க" என்றார். நமக்கும் கையை வைத்துப் பார்த்தால் காற்று வருகிறது. பொறியாளர் ஒன்றும் பேசாமல் மொட்டை மாடிக்குப் போய், விசிறியை நிறுத்தச் சொல்லி, அது ஓய்ந்து நிற்கும்போது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தார். தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. இந்த வகை விசிறி திசை மாறிச் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், ஆனால் பாதிக்கும் குறைவாக. அதனால்தான் கையை வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. மூன்று ஃபேஸ் வயரில் இரண்டை மாற்றி மாட்டினார்கள், பத்து நிமிட வேலை. மறுபடி அளந்தால் 3,100. அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மத்தியானத்துக்கு மேல் தலை கனக்கிறது, தூக்கம் வருகிறது என்று வாடகைதாரர்கள் சொல்லியிருப்பார்கள், ஏசி போதவில்லை என்று நாங்கள் இன்னொரு யூனிட் வாங்கியிருப்போம்.

அடுத்தது மீட்டர். மாடிக்கு ஒரு சப் மீட்டர், அதை வைத்துத்தான் வாடகைதாரருக்கு மின்கட்டணம் போடுகிறோம். இரண்டாம் மாடி மீட்டர் காட்டும் யூனிட்டைக் கிளாம்ப் மீட்டரோடு ஒப்பிட்டார், மூன்றில் ஒரு பங்குதான் காட்டுகிறது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். மூன்று ஃபேஸுக்கு மூன்று சிடி வளையம், ஒவ்வொரு வயரிலும் ஓடும் கரண்டை அளந்து மீட்டருக்குச் சொல்வது இதுதான், அதில் ஒன்றைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். அந்த ஃபேஸ் மைனஸாகக் கணக்காகிறது, இரண்டு கூட்டல், ஒன்று கழித்தல், மீதி ஒன்று. அதாவது அந்த மாடியின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மாதாமாதம் எங்கள் கையிலிருந்து கட்டியிருப்போம், வருடக் கடைசியில் மொத்த மீட்டரோடு ஒத்துப்போகவில்லை என்று குழம்பியிருப்போம். கமிஷனிங்குக்குக் கொடுத்த காசு இந்த ஒரு வளையத்திலேயே வந்துவிட்டது என்பேன். மின்சாரத்தைச் சேமிப்பது அப்புறம், முதலில் மீட்டர் சரியாகக் காட்ட வேண்டுமே.

தண்ணீரில் கண்டுபிடித்ததுதான் வயிற்றைக் கலக்கியது. சிறுவாணித் தண்ணீர் ஒரு குழாய், எஸ்டிபி என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பில் சுத்திகரித்த தண்ணீர் கழிப்பறை ஃப்ளஷுக்கு இன்னொரு குழாய், இரண்டும் எங்கும் சேரக் கூடாது. சுத்திகரித்த தண்ணீர்த் தொட்டியில் சாப்பாட்டுக்குப் போடும் நீல நிறத்தைக் கலந்துவிட்டு, எல்லா மாடியிலும் எல்லாக் குழாயையும் திறந்துவிடச் சொன்னார். நான்காம் மாடியில் பான்ட்ரிக்குப் பக்கத்தில் இருக்கும் வாஷ்பேசினில் நீலமாக வந்தது. கடைசி நேரத்தில் பிளம்பர் பக்கத்தில் இருந்த குழாயில் இருந்து ஒரு டீ போட்டு இழுத்திருக்கிறார். பிளம்பருக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று சாயங்காலமே சுவரை உடைத்து மாற்றினார்கள். இதற்கு நட்சத்திரம் எத்தனை கொடுப்பது என்று தெரியவில்லை, ஐந்துக்கு மேல் இடமில்லை.

இன்னும் இருக்கிறது, வேகமாகச் சொல்கிறேன். கரியமில வாயு சென்சார் ஏசி காற்று நேராக விழும் இடத்தில் மாட்டியிருந்ததால், அறையில் ஐம்பது பேர் இருந்தாலும் காற்று சுத்தம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தைப் பார்த்து விளக்கைக் குறைக்கும் சென்சார் அதே விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஏற்றுவதும் இறக்குவதுமாக மினுக்கியது. சோலார் தகடு 30 கிலோவாட், நம் ஊரில் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் என்று வைத்தால் 120 வர வேண்டும், ஒரு வரிசைமேல் மூன்று மணிக்குமேல் மேல்நிலைத் தொட்டியின் நிழல் விழுந்து குறைந்தது, அந்த வரிசையை இடம் மாற்றினார்கள்.

விஆர்எஃப் அவுட்டோர் யூனிட்டுகளின் கதை கொஞ்சம் நீளம், ஆனால் கோயம்புத்தூரில் கட்டுகிற எல்லோருக்கும் உதவும். யூனிட்டுகள் தெருவில் இருந்து தெரியக் கூடாது என்று ஆர்க்கிடெக்ட் மொட்டை மாடியில் ஆளுயரத்துக்கு மேல் லூவர் தடுப்பு, அதாவது சாய்ந்த பலகைகளை இடைவெளி விட்டு அடுக்கிய தடுப்பு வைத்திருந்தார். பார்க்க அழகு. ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாயில் இருந்து காற்று அடிக்க ஆரம்பித்ததும், யூனிட் மேலே கக்கும் சூடான காற்றை அது அப்படியே சாய்த்து, தடுப்பில் மோதவிட்டு, அடுத்த வரிசை யூனிட் உறிஞ்சும் பக்கம் கொண்டுபோய் விட்டது. வெளியே 31 டிகிரி, யூனிட் உள்ளிழுக்கும் காற்று 42 டிகிரி. கம்ப்ரசர் மூச்சுத் திணறி ஓடும், கரண்ட் ஏறும், குளிர்ச்சி குறையும். மற்ற ஊர்களில் காற்று அடித்தால் ஏசிக்கு நல்லது என்பார்கள், இங்கே அடிக்கிற திசையும் வேகமும் சேர்ந்து வேலையைக் கெடுத்தன. ஏசி கான்ட்ராக்டர் கூடுதலாக ஒரு யூனிட் போடலாம் என்று பல லட்ச ரூபாய்க்கு விலைப்புள்ளி கொடுத்தார். பொறியாளர் ஒவ்வொரு யூனிட் தலையிலும் ஜிஐ தகட்டில் ஒரு புகைக்கூண்டு போல அடித்து, சூடான காற்று தடுப்புக்கு மேலே போய் வெளியேறும்படி செய்யச் சொன்னார். லூவரில் மேற்குப் பக்கம் மட்டும் கீழ்ப் பலகைகளைக் கழற்றினோம். செலவு யூனிட் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆர்க்கிடெக்டுக்கு இன்னும் கோபம்.

இதைக் கண்டுபிடித்தது ஜூனில் என்று சொன்னேனே, அங்கேதான் ஒரு குறை. ஒப்பந்தப்படி எல்லாச் சோதனையும் பிப்ரவரியில், கட்டடம் ஒப்படைக்கும்போதே முடிந்துவிட்டது. காலியான கட்டடத்தில், இதமான வெயிலில், எந்த ஏசியும் நன்றாகத்தான் ஓடும். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு, வேறு பருவத்தில், மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் நடைமுறை. லீட்டில் கூடுதல் கமிஷனிங் புள்ளிக்குப் பத்தாம் மாதத்துக்குள் திரும்ப வந்து பார்க்கச் சொல்கிறது. எங்கள் ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தது. ஆனால் நிறுவனத்தில் இருந்து "ஆன்லைன்ல டேட்டா அனுப்புங்க சார், பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். டேட்டாவில் காற்றின் திசை எப்படித் தெரியும்? கடைசித் தவணையைப் பிடித்து வைத்திருந்தோம், அதனால்தான் அந்தப் பொறியாளரை மறுபடி அனுப்பினார்கள்.

பணத்தைப் பற்றி இன்னொன்று. கமிஷனிங் செய்பவர் குறையைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தால் மட்டும் வேலை நடக்காது, கான்ட்ராக்டர் "பாத்துக்கலாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். எங்கள் ஆடிட்டர் மாமா சொல்லி, கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் கடைசி ஐந்து சதவீதம், ரிடென்ஷன் என்று பிடித்து வைக்கும் தொகை, கமிஷனிங் பொறியாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்று எழுதியிருந்தோம். அந்த ஒரு வரி இல்லை என்றால் ஃபேஸ் வயர் இன்னும் மாறியிருக்காது. கமிஷனிங் செய்பவருக்குச் சம்பளம் உரிமையாளர் கையில் இருந்து நேராகப் போக வேண்டும், கான்ட்ராக்டர் மூலமாகப் போனால் அவர் யாருக்கு எழுதுவார் என்று சொல்லத் தேவையில்லை.

பயிற்சி சுமார். ஒப்படைக்கும் நாளில் ஒரு மணி நேரம், ஆங்கிலத்தில், பவர்பாயின்ட் போட்டு. கட்டடத்தை ஓட்டப்போகிற எலக்ட்ரீஷியன் பின் வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தடிமனான ஆறு ஃபைல் கொடுத்தார்கள், அவை இப்போதும் அலமாரியில் இருக்கின்றன. நான் சண்டை போட்ட பிறகு திருச்சிக்காரர் தானாக ஒரு நாள் வந்து, எலக்ட்ரீஷியனை ஒவ்வொரு பேனலுக்கும் கூட்டிப்போய், எந்த சுவிட்ச் எப்போது, எந்த எண் எவ்வளவு தாண்டினால் கூப்பிட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி லேமினேட் செய்து ஒட்டிவிட்டுப் போனார். "அண்ணே, இதுல இல்லாத எதையும் நீங்க தொடாதீங்க, இருக்கிறதை விட்டுடாதீங்க" என்று சொன்னார். பயிற்சி என்றால் அதுதான். அந்த பவர்பாயின்டுக்கு நாங்கள் காசு கொடுத்திருக்கக் கூடாது.

இவர்கள் பரிந்துரைத்த கட்டட மேலாண்மை சாஃப்ட்வேர் பற்றி ஒரு வார்த்தை: எங்கள் அளவு கட்டடத்துக்கு வேண்டாம். விஆர்எஃபோடு வரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் நல்ல சப் மீட்டர்களும் போதும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். வருட மொத்த யூனிட்டைச் சதுர மீட்டரால் வகுத்தால் வரும் எண்ணைத்தான் பிஇஇ அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கப் பயன்படுத்தியது. 2009-ல் கொண்டுவந்த அந்தத் திட்டத்தில், வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதியில், பாதிக்கு மேல் ஏசி போட்ட கட்டடத்துக்கு 200-ல் இருந்து ஒரு நட்சத்திரம், 100-க்குக் கீழே போனால் ஐந்து. எங்களுக்கு முதல் வருடம் 92 வந்தது. ஆலோசனை நிறுவனம் உடனே அதை எடுத்துத் தங்கள் விளம்பரத்தில் போட அனுமதி கேட்டது. நான் கொடுக்கவில்லை, ஏனென்றால் ஒரு மாடி பாதி வருடம் காலியாக இருந்தது, காலி மாடி மின்சாரம் எடுக்காது. எல்லா மாடியும் நிரம்பினால் 105 பக்கம் நிற்கும் என்பது என் கணக்கு. அதுவும் நல்ல எண்தான். இந்த எண்ணைக் காட்டும் யாரிடமும் கட்டடம் எவ்வளவு நிரம்பியிருந்தது என்று கூடவே கேட்டுவிடுங்கள். வாடகைதாரர்கள் ஏசியை 24 டிகிரியில் வைக்க ஒப்புக்கொண்டதும் இதற்கு உதவியது. ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் மிச்சம் என்று பிஇஇ சொல்கிறது, 2020 ஜனவரியில் இருந்து நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் 24-ல் தொடங்கும்படிதான் வருகின்றன. எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் 18-ல் வைப்பார், அவர் யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், சித்தப்பா இதைப் படிப்பார்.

இரண்டு மாடி வீடு கட்டுகிறவர்கள் இந்தச் சேவைக்குப் போக வேண்டாம். மேற்குச் சுவருக்கு நிழல், மொட்டை மாடியில் வெள்ளை ஓடு, எதிரெதிர்ச் சன்னல், இதற்கு நல்ல மேஸ்திரியும் பொறுமையான பொறியாளரும் போதும். அபார்ட்மென்ட் கட்டுகிறவர்களுக்கு ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று 2018-ல் வந்த வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு இருக்கிறது, சுவரும் சன்னலும் கூரையும் உள்ளே விடும் வெப்பத்துக்கு அது வரம்பு வைக்கிறது, அதை உங்கள் ஆர்க்கிடெக்ட் படித்திருக்கிறாரா என்று கேளுங்கள். மருத்துவமனை, கல்லூரி, அலுவலகம், ஹோட்டல், ஏற்கெனவே கட்டி ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, கமிஷனிங் மட்டும் தனியாக வாங்குங்கள்.

திருப்பூர் பக்கம் எங்களுக்கு அடுத்த கட்டடம் வருகிறது. சான்றிதழ் காகித வேலையை எங்கள் அலுவலகத்திலேயே ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம், அவரே செய்வார். சிமுலேஷன் வேறு ஆளிடம், நம் ஊர் வானிலைத் தரவை வைத்துச் செய்ததற்கான ஃபைலையும் சேர்த்துத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. கமிஷனிங்குக்கு இதே நிறுவனத்தைத்தான் கூப்பிட்டிருக்கிறோம், சைட்டுக்கு வருபவர் இன்னார்தான் என்று ஒப்பந்தத்தில் பெயர் போட்டு. ஜூன் மாத வருகைக்குத் தனித் தவணையும் வைத்திருக்கிறோம். பெயர் போடுவதற்கு அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.